பல வருட வீட்டுக் கணக்கைப் பழைய மென்பொருளிலிருந்து க்னூகேஷ் (GnuCash) என்ற இலவசக் கணக்கு மென்பொருளுக்கு மாற்ற எந்தக் கோப்பு வடிவம் நல்லது?

உங்கள் பழைய மென்பொருள் சிஎஸ்வி (CSV), ஓஎஃப்எக்ஸ் (OFX), க்யூஐஎஃப் (QIF) மூன்று வடிவமும் தருகிறது, எதில் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். க்யூஐஎஃப்-இல் எடுங்கள்.

ஓஎஃப்எக்ஸ் என்பது 1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து கொண்டுவந்த வடிவம். வங்கியிலிருந்து மாதாமாதம் பதிவுகளை இறக்க அதைவிட நல்லது இல்லை, ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் ஒரே பதிவு இரண்டு தடவை ஏறாது. ஆனால் நீங்கள் உட்கார்ந்து பிரித்து வைத்த மளிகை, மருந்து, வாடகை எல்லாம் அதில் வராது, தேதியும் தொகையும் பெயரும்தான் வரும். அத்தனை வருட உழைப்பே அந்த வகைப்பாட்டில்தானே இருக்கிறது! சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் அட்டவணை, அதில் வகை வரும், ஆனால் 1000-க்கு ஒரு பில், அதில் 700 மளிகை, 300 மருந்து என்று பிரித்து எழுதியிருந்தால் பல மென்பொருள்கள் அதை ஒற்றை வரியாக்கி விடுகின்றன.

க்யூஐஎஃப் பழைய வடிவம்தான், ஆனாலும் வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து பார்க்கலாம், ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அது தேதியா, தொகையா, வகையா என்று சொல்லிவிடும், ^ குறி வந்தால் ஒரு பதிவு முடிந்தது. பில்லின் உட்பிரிவுகளும் தனித்தனி வரியாக வரும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றியிருந்தால், வகை இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கணக்கின் பெயர் [சேமிப்பு] என்று சதுர அடைப்புக்குள் இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்குக் கணக்கு உதைப்பது இந்த இடத்தில்தான். சேமிப்பிலிருந்து கிரெடிட் கார்டுக்குக் கட்டியது இரண்டு கணக்குகளின் கோப்பிலும் இருக்கும், தனித்தனியாக ஏற்றினால் ஒரே பணம் இரண்டு தடவை போனதாகக் கணக்கு காட்டும். க்னூகேஷில் எல்லாக் கணக்குகளின் க்யூஐஎஃப் கோப்புகளையும் ஒரே தடவையில் சேர்த்துக் கொடுங்கள், ஜோடியை அதுவே கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடும்.

அப்புறம் தேதி. 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? சந்தேகம் வந்தால் க்னூகேஷ் கேட்கும், அவசரத்தில் ஏதோ ஒன்றை அமுக்கிவிடாமல் கோப்பைத் திறந்து 12-க்கு மேல் எண் வரும் ஒரு தேதியைப் பார்த்துவிட்டுப் பதில் கொடுங்கள். வகைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் குறிமுறை)-இல் சேமியுங்கள், இல்லாவிட்டால் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சரி, ஏற்றியாயிற்று. இன்றைய இருப்பு ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சரிக்கட்டியிருக்கலாம். ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு வருடக் கடைசி நாள் இருப்பை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், எந்த வருடம் முதன்முதலாக இடிக்கிறதோ அந்த வருடத்துக்குள் மாதம் மாதமாகத் தேடினால் தப்பான பதிவு சீக்கிரம் சிக்கிவிடும். இதற்கு ஒரு சாயங்காலமே போனாலும் பரவாயில்லை, செய்தே ஆக வேண்டிய வேலை. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் அவற்றை மட்டும் ஒவ்வொரு வாங்கல் விற்றலாகச் சரிபாருங்கள், அதில் எண்ணிக்கையும் விலையும் சேர்ந்து வருவதால் குழப்பம் அதிகம்.

பழைய கோப்பை அழிக்காதீர்கள். அதற்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிட்டு, முழு அறிக்கையைப் பிடிஎஃப் ஆகவும் எடுத்துப் பத்திரமான ஒரு இடத்தில் வையுங்கள், அந்த மென்பொருள் அடுத்த கணினியில் ஓடும் என்று நம்ப முடியாது.