காலடியில் ஒரு வாய்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. ஆறு ஆண்டுகளாக ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன். கர்நாடக இசையில் தொடங்கி, இப்போது நண்பர்களோடு ஜாஸ் பக்கம் வந்திருக்கிறேன். எங்கள் குழுவில் கிடார் வாசித்த நண்பன் வெளிநாடு போகும்போது காலால் மிதித்து கிடாரின் ஒலியை மாற்றும் தன்னுடைய வா-வா பெடலையும் டிலே பெடலையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். பாடகர்கள் கையில் பிடிக்கும் சாதாரண மைக்கை, கடையில் கிடைத்த ஓர் ஒயரால் பெடலில் செருகி வாசித்துப் பார்த்தேன். இரைச்சல்தான் வந்தது. ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது. எந்த நிறுவனத்தின் மைக் வாங்கலாம்? சாக்ஸபோனின் கழுத்தில் துளையிட்டு, ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப் பொருத்தலாம் என்கிறார்களே, செய்யலாமா?

இன்னொன்று. இதைப் பார்த்த என் ஆசிரியர், “கிடார்க்காரன் செருப்பை நீ ஏன் மாட்டிக்கொண்டு நடக்கிறாய்?” என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து பெடலைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. இப்படிக் கடன் வாங்குவது சரியா?

அன்புடன்,
ச., கோயம்புத்தூர்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. எங்கள் ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்தது. மூன்று நாட்களாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்கே வைப்பது என்று தெரியாமல். அப்போதுதான் “கடன்”, “கூச்சம்” என்ற இரண்டு சொற்களோடு உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. கோபம் வந்தது. உங்கள்மேலா, உங்கள் ஆசிரியர்மேலா, இறந்துபோன ஒரு பேண்டு மாஸ்டர்மேலா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மைக்கில் குறை இல்லை, பெடலிலும் குறை இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள் இல்லை. பாடகர் பிடிக்கும் டைனமிக் மைக் சில மில்லிவோல்ட் அளவுக்குத்தான் மின்சாரம் தரும். அதன் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 150 முதல் 300 ஓம் வரைதான். கிடாரின் பிக்கப் தருவது அதைவிடப் பல மடங்கு வலுவானது. பெடலின் நுழைவாயிலை அந்தக் கிடாரை மனத்தில் வைத்துத்தான் கட்டுகிறார்கள். பல பெடல்களில் அது 10 லட்சம் ஓம். உங்கள் மைக்கின் மெலிந்த குரல் அதற்குள் போய்த் தொலைந்துவிடுகிறது. பின்னால் நீங்கள் ஒலியைக் கூட்டும்போது பெடலின் சொந்த இரைச்சலைத்தான் கூட்டுகிறீர்கள். மைக்கிலிருந்து அதன் மெலிந்த குரலை வலுவாக்கும் பிரீஆம்ப், பிரீஆம்பிலிருந்து பெடல், பெடலிலிருந்து அதன் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ், அங்கிருந்து மிக்ஸர் என்று போங்கள். பிரீஆம்பின் வெளியீட்டைக் குறைத்தே வையுங்கள், கூட்டினால் பெடல் திணறும். கண்டென்சர் மைக் என்றால் அதற்கு வேண்டிய 48 வோல்ட்டைப் பிரீஆம்ப்தான் தர வேண்டும், பெடல் தராது. ஊளைக்குக் காரணம், மைக் தன் குரலைத் தானே ஸ்பீக்கரில் கேட்பது. உங்கள் மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். ஸ்பீக்கர் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து ஒரு வருடம் வாசியுங்கள். ப்ளூஸ் கலைஞர் லிட்டில் வால்டர் 1952இல் சிகாகோவில் ஹார்மோனிகாவையும் ஒரு மலிவான மைக்கையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் திணறும்வரை ஊதினார். உலகம் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. அந்தக் காலத்து கிரிஸ்டல் மைக்குகளின் மின்மறுப்பு மிக அதிகம், அதனால் கிடார் ஆம்ப்ளிஃபயரில் நேரே செருக முடிந்தது. உங்கள் மைக்கை அப்படிச் செருக முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி செருப்பு.

ச., அந்தச் செருப்பு யார் காலுக்குத் தைத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் ஆசிரியருக்குத் தெரியுமா? 1966 நவம்பர். கலிஃபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் நிறுவனம். வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரில் விலை கூடிய ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு மலிவாக ஏதாவது வைக்க முடியுமா என்று பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளரிடம் வேலை கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு மின்சுற்றை மேசைமேல் பரப்பிவைத்துக் குமிழைத் திருகியபோது ஒலி வாய் திறந்து மூடுவதுபோல் மாறியது. அறையிலிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பில் பேஜ். அவர் பிடிவாதமாக, இதில் நான் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நின்றார். ஆர்கனின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கால்மிதி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் கூட்டுக்குள் இந்தச் சுற்றை வைத்தார்கள். பேஜ் மிதித்துக்கொண்டே வாசித்தார்.

பில் பேஜ் வாசித்தது சாக்ஸபோன்.

உங்கள் வாத்தியம்தான். டெல் காஷர் என்பவர் கிடாரைச் செருகியது அதற்குப் பிறகு. இது கிடாருக்கானது என்று அவர் எடுத்துச் சொன்னார். ஆனால் நிறுவனத்தின் தலைவர் ஜோ பனரோன் பெரிய ஜாஸ் பேண்டுகளின் ரசிகர். ஊதுபவர்களுக்கே இதை விற்க வேண்டும் என்று நினைத்தார். கடைக்கு வந்தபோது அந்தப் பெடலுக்கு கிளைட் மெக்காய் என்ற பெயரைச் சூட்டியிருந்தார்கள். மெக்காய் டிரம்பெட் கலைஞர். 1931இல் அவர் பதிவு செய்த ‘ஷுகர் ப்ளூஸ்’ வாத்தியத்தின் வாயைப் பொத்திப் பொத்தித் திறந்து அழவைப்பதற்குப் பெயர்பெற்றது. அந்த முதல் பெடல்களின் அடித்தகட்டில் அவருடைய படத்தையே அச்சிட்டிருந்தார்கள். கிடார்க்காரர்கள் பிற்பாடு வந்து அந்தப் பெடலை எடுத்துக்கொண்டு என்னென்னவோ அற்புதங்கள் செய்தார்கள். செய்யட்டும், வணங்குகிறேன். ஆனால் யார் யாரிடம் கடன் வாங்கியது என்ற கணக்கை மட்டும் தலைகீழாக எழுதாதீர்கள்.

அதற்கும் முன்னால் போங்கள். ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவர் கோப்பைகளையும் கண்ணாடித் தம்ளர்களையும் டிரம்பெட் போன்ற கார்னெட்டின் வாயில் வைத்து வாசித்தார். 1920களில் டியூக் எலிங்டன் குழுவில் பபர் மைலி, கழிப்பறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தை இடக்கையில் பிடித்து டிரம்பெட்டை உறும வைத்தார். கை செய்ததை நாற்பது வருடம் கழித்துக் கால் செய்தது. வா-வா பெடலுக்குள் இருப்பது என்ன? ஒலியில் ஒரு குறுகிய பட்டையை மட்டும் தூக்கிக்காட்டி, அந்தப் பட்டையைச் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 2000 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தும் ஒரு சுற்று. நம் வாயும் இதைத்தான் செய்கிறது. ஊ என்று சொல்லி, மூச்சை நிறுத்தாமல் ஆ என்று திறந்து பாருங்கள். உங்கள் பெடலின் பெயர் வந்துவிடும். அ, ஆ வாயை அங்காந்து பிறக்கும் என்றும், உ, ஊ இதழ் குவிந்து பிறக்கும் என்றும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த இரண்டு நூற்பாக்களுக்கு நடுவில் இருக்கும் தூரம்தான் உங்கள் பெடலின் நடை. குதிகால் பக்கம் இதழ் குவியும், விரல் பக்கம் வாய் அங்காக்கும். ஊதுகிறவனின் வாய் வாத்தியத்தைக் கவ்வியிருக்கிறது, அதனால் அவனால் உயிரெழுத்துச் சொல்ல முடிவதில்லை. அவன் காலடியில் இன்னொரு வாயை வைத்தார்கள். இதைப் போய் அடுத்தவன் செருப்பு என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

கொட்டாங்கச்சி என் பெரியப்பாவுடையது. திண்டுக்கல் பக்கம் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தார். கல்யாணம், கோயில் திருவிழா, சாவு, எல்லாவற்றுக்கும் போவார். நல்ல முற்றிய தேங்காயின் ஓட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, உள்ளங்கை வழுக்கும் அளவுக்கு மழமழப்பாக்கி வைத்திருந்தார். சட்டைப்பைக்குள் போகாது, அதனால் துண்டில் முடிந்துகொள்வார். டிரம்பெட்டின் வாய்க்கு முன்னால் அதை மூடித் திறந்து மூடித் திறந்து வாசித்தால், ஒரு குழந்தை எழுந்து தாயைத் தேடுவதுபோல் இருக்கும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, என் பெயரைச் சொல்ல வை என்று அடம்பிடித்தேன். பெரியப்பா யோசித்துவிட்டு, “பெயர் சொல்லாது. ஆனால் கூப்பிடும்” என்றார். கூப்பிட்டும் காட்டினார். நான் பதில் சொன்னேன்.

அமெரிக்காவில் யாரோ கோப்பையையும் ரப்பர் கிண்ணத்தையும் வைத்து வாசித்ததை அவர் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் ரேடியோ வந்ததே பிற்பாடுதான். காற்று வெளியேறும் வாயைக் கையால் மறைத்தால் அது பேசும் என்பதைத் தானாகக் கண்டுபிடித்தார். ஒரு நாள் பேண்டு மாஸ்டர் எல்லார் முன்னாலும், வாத்தியத்துக்கு இது அவமரியாதை, குரங்காட்டம், என்று திட்டி அன்றைய சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கொட்டாங்கச்சியைப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் வாசித்தார், ஆனால் அது பரணைவிட்டு இறங்கவில்லை. அவருக்கு வந்ததும் கூச்சம்தான், ச. உங்களுக்கு வந்த அதே கூச்சம். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் ஆசிரியர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. மூச்சும் இதழும் ஒழுங்காக அமையும் முன்னால் பிள்ளை கருவிகளின் பின்னால் ஓடிவிடுவானோ என்று அவர் பயப்படுவது நியாயம். வாசித்ததை எதிரொலிபோல் திருப்பித் தரும் டிலே பெடல் சுமாரான வாசிப்பையும் அழகாகக் காட்டிவிடும். அந்த பயத்தை அவர் நேராகச் சொல்லியிருக்கலாம். நீங்களும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். ஆறு ஆண்டுகள் வாசித்தவர், ஒரு வாக்கியத்தில் சுருண்டுவிடுவதா? 1950களில் டிரம்பெட்டின் வாயில் செருகும் ஹார்மன் மியூட்டின் நடுத்தண்டை எடுத்துவிட்டு மைக்கை ஒட்டி வாசித்தபோது மைல்ஸ் டேவிஸை எல்லாரும் கொண்டாடினார்கள். அவரே 1970இல் டிரம்பெட்டை வா-வா பெடலில் செருகியபோது பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை, 1975 பிப்ரவரியில் ஒசாகா மேடைவரை அந்தப் பெடலோடுதான் நின்றார். ஜான் ஹேசல் பண்டித் பிரான்நாத்திடம் இந்துஸ்தானி இசையின் கிரானா மரபு வாய்ப்பாட்டைக் கற்று, அந்தக் குரலின் வழுக்கலை டிரம்பெட்டுக்குக் கொண்டுவந்து, அதன்பின் கருவிகள் வழியாக ஒரே மூச்சைப் பல குரல்களாக்கினார். பாட்டுக் கற்ற பிறகு கருவி. இதை வேண்டுமானால் உங்கள் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் பிடிக்கும்.

சாக்ஸபோனுக்கு இந்தப் பெடல் டிரம்பெட்டைவிட அதிகம் தேவை என்றே நினைக்கிறேன். டிரம்பெட்டின் ஒலி முழுவதும் ஒரே வாய் வழியாக வருகிறது, அதனால் பெரியப்பாவின் கொட்டாங்கச்சி பலித்தது. உங்கள் வாத்தியத்தில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவெல்லாம் ஒலி கசிகிறது. விரிந்த வாயான புனலைப் பொத்தினால் அடி ஸ்வரங்கள்தான் மாறும், மற்றவை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். காலம் காலமாக டிரம்பெட்காரன் கையால் செய்ததை சாக்ஸபோன்காரனால் செய்ய முடியாமலே இருந்தது. பில் பேஜ் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்று எனக்குப் புரிகிறது. மைக்கைப் புனலுக்குள் திணிக்காதீர்கள் என்பதும் இதனால்தான். ஒரு அடி தள்ளி, புனலுக்கும் இடக்கை விரல்களுக்கும் நடுவில் பார்க்கும்படி வையுங்கள். ஊளை வந்தால் கொஞ்சம் நெருங்குங்கள்.

கழுத்தில் துளையா? வேண்டாம். 1960களின் நடுவில் செல்மர் நிறுவனம் சாக்ஸபோன் ஒலியை மின்சாரத்தால் மாற்றும் வேரிடோன் என்ற கருவியைக் கொண்டுவந்தபோது மைக்கைக் கழுத்திலேயே பொருத்தினார்கள். சோனி ஸ்டிட், எடி ஹாரிஸ் போன்றவர்கள் அதில் வாசித்தார்கள். அதற்கென்றே செய்த கழுத்து அது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஆல்டோ, அதை ஓட்டை போடப் போகிறேன் என்று எனக்கே கடிதம் எழுதுகிறீர்கள்!

பதிவு செய்து அனுப்புங்கள், கேட்கிறேன். ஒன்றே ஒன்று, பாட்டு முழுக்க மிதித்துக்கொண்டிருக்காதீர்கள். பெரியப்பா ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு முறைதான் துண்டின் முடிச்சை அவிழ்ப்பார், பெண் வண்டி ஏறும்போது.