தொண்டர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை நகரில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய அமைப்பொன்றின் இணைப்பாளராக இருக்கிறேன். சம்பளத்துக்கு இருவர் இருக்கிறார்கள். மற்ற எல்லோரும் தொண்டர்கள். பெரும்பாலும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவர்கள். ஆர்வத்தோடு வருகிறார்கள், இரண்டு மூன்று மாதத்தில் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். அந்த வேலையும் சம்பளக்காரர் இருவரின் தலையில் விழுகிறது. தொண்டர்களுக்கு மாதம் ஏதாவது கொடுத்தால் நிற்பார்கள் என்கிறார் எங்கள் தலைவர். சுனாமிக் காசு வந்த நாளிலிருந்தே நம்மவர்களிடம் தொண்டு மனம் போய்விட்டது என்றும் சொல்கிறார். சான்றிதழ் கொடுத்துப் பார்க்கலாமா என்று நான் யோசிக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கைக்கு,

சுனாமிக் காசைப் பற்றிய பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம். 2004 டிசம்பருக்குப் பின் இங்கே வந்திறங்கிய நிறுவனங்கள் நல்ல சம்பளம் கொடுத்தன, திட்டம் முடிந்ததும் போய்விட்டன. உண்மைதான். ஆனால் மார்கழி மழையில் வெருகல் பக்கம் வெள்ளம் ஏறும்போது முழங்கால் தண்ணீரில் சாப்பாட்டுப் பொதிகளைச் சுமந்துகொண்டு போகிற பையன்கள் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் யாரிடமும் காசு பேசி நான் கேட்டதில்லை.

அப்படியொரு வெள்ளத்தின்போது ஒரு பாடசாலை மண்டபத்தில் உலர் உணவுப் பொதி கட்டுவதைப் பார்த்தேன். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, ஒரு பால்மா. காலையிலிருந்து நிலத்தில் குந்தியிருந்து கட்டினார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து, "சேர், எங்களுக்குச் சாப்பாடு இருக்கிறதா?" என்று கேட்டாள். பொறுப்பாளர் திகைத்துப்போனார். சுற்றிவர மூட்டை மூட்டையாக அரிசி. கட்டியவர்களுக்கு ஒரு பார்சல் சோறு சொல்லவில்லை. மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று அவர் என்னிடமே சொன்னார்.

மாதக் கொடுப்பனவு வேண்டாம். சின்னத் தொகை ஒருவருக்கும் சம்பளமாகாது, ஆனால் நாளை நிரந்தர வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் வளர்க்கும். தொண்டர் ஆசிரியர்கள் வருடக்கணக்கில் கற்பித்துவிட்டு, நியமனம் கேட்டு வீதியில் நின்றதை இந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வேலை தர முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பஸ் காசை மட்டும் கொடுங்கள், அன்றன்றைக்கே, கேட்காமலே. மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிற ஒரு பிள்ளை வாரத்தில் மூன்று நாள் வந்துபோவதற்கு வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை நின்றுபோனால் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நீங்கள் எழுதி வைப்பீர்கள்.

கால எல்லையும் வையுங்கள். பெறுபேறு வந்ததும் அவர்கள் போகத்தான் போகிறார்கள். "தை முதல் பங்குனி வரை, செவ்வாயும் வியாழனும், ஆறாம் வகுப்புக் கணிதம்" என்று கேட்டால் ஒப்புக்கொண்டு முடித்துக் கொடுப்பார்கள். "வந்து உதவி செய்யுங்கள்" என்றால், வந்து கதவடியில் நின்றுவிட்டுப் போவார்கள். நோன்பு மாதத்தில் ஐந்தரைக்கு வகுப்பு வைத்தால் முஸ்லிம் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? நேரத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களில் ஒருவராவது இருக்கட்டும்.

பெண்பிள்ளைகளின் வீட்டாரோடு நீங்களே பேசுங்கள். 2006 ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் அவர்களுடைய அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டார்கள். அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒரு தாய், "எத்தனை மணிக்கு விடுவீர்கள், யாரோடு வருவாள்?" என்று கேட்டால் அதற்கு நேரான பதில் இருக்க வேண்டும். அதேபோல, வகுப்புக்கு வருகிற சிறுவர்களின் பெற்றோருக்கும் ஒரு பதில் வேண்டும்: எந்தத் தொண்டரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளை ஏதாவது சொல்லி அழுதால் யாரிடம் சொல்வது, 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்தை எப்போது அழைப்பது என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அந்தச் சம்பளக்காரர் இருவரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அவர்களுக்கு நியமனக் கடிதம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாமுக்கு வந்தால் பதில் லீவு உண்டா? ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், நிறுவனத்திடமிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் இன்னும் 3 வீதம் என்பது சட்டம். சில தரும நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். சம்பளத்துக்குக் 'கொடுப்பனவு' என்று பெயர் வைத்து இதிலிருந்து நழுவுகிற அமைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அந்த வகையில் சேர வேண்டாம். நன்கொடையாளரின் பணம் எந்த மாதத்தோடு முடிகிறது என்பது உங்களுக்கும் தலைவருக்கும் தெரியும். அவர்கள் இருவருக்கும் தெரியுமா?

தொண்டர்களைப் பழக்குவதும் அவர்கள் வராத நாளில் வகுப்பைச் சமாளிப்பதும் அந்த இருவர்தான். அது தனி வேலை. அதை அவர்களுடைய வேலை நேரத்துக்குள் கொண்டுவந்து, வேறொன்றைக் குறையுங்கள். எதைக் குறைப்பது என்று அவர்களையே கேட்டால் உடனே சொல்வார்கள்.

சான்றிதழ் தாராளமாகக் கொடுங்கள். 'சிறந்த சேவையைப் பாராட்டி' என்று எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அச்சடிக்காமல், எந்த வகுப்புக்கு, என்ன பாடம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோகிற பிள்ளைக்கு அந்த விவரம்தான் உதவும். ஏற்கனவே நின்றுபோனவர்களுக்கும் அதை எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏன் வரவில்லை என்பதை அங்கே தேநீர் குடிக்கும்போது அவர்களே சொல்வார்கள்.