ஆபரேஷனுக்குப் பின் கால் அசையவில்லை, ஸ்கேன் நார்மல்: பதில்

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததிலிருந்து தங்கைக்கு வலது கால் அசையவில்லை, எம்.ஆர்.ஐ. நார்மல், கன்வர்ஷன் (நரம்பில் சேதம் இல்லாமலே, மூளை உறுப்பை இயக்கும் விதத்தில் கோளாறு வரும் நிலை) என்கிறார்கள், நடிக்கிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நடிப்பு இல்லைங்க. கால் நிஜமாகவே அவர் வசத்தில் இல்லை.

ஆனால் ஸ்கேன் நார்மல் என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. ஹூவர் சோதனை செய்தார்களா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். கன்வர்ஷன் என்றால், படுத்தபடி வலது குதிகாலை மெத்தையில் அழுத்தச் சொன்னால் பலம் இருக்காது. ஆனால் இடது காலைத் தடையை மீறித் தூக்கும்போது அதே வலது குதிகால் தானாக அழுத்தும். அதைத் தங்கைக்கும் காட்டச் சொல்லுங்கள், நம்பிக்கை வரும். ஆபரேஷன் மேசையில் படுத்திருந்த வாக்கில் நரம்பு அழுந்தியதா என்பதையும் பார்த்திருக்க வேண்டும்.

பிசியோதெரபியைத் தள்ளிப் போடாதீர்கள். கால் மீதே கவனம் வைத்து அசைக்க முயன்றால் இன்னும் முடங்கும். பேச்சுக் கொடுத்தபடி நடக்க வைப்பது பலன் தரும். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கடும் முதுகுவலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.