மகளோடு ‘மூலான் ரூஜ்’ பார்க்கலாமா?

கேள்வி: ‘மூலான் ரூஜ்’ படத்தை என் தங்கை ஏழெட்டுத் தடவை பார்த்து அழுதிருக்கிறாள். என் கணவர் கால் மணி நேரத்தில் ‘தலை வலிக்கிறது’ என்று எழுந்து போய்விட்டார். இப்போது 14 வயது மகள் அதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். விலைமாதுவின் கதை என்பதால் தயங்குகிறேன். நல்ல படம்தானா? அவளைப் பார்க்க விடலாமா?

பதில்: உங்கள் கணவர் மேல் தப்பே இல்லை. பாஸ் லூர்மன் 2001-இல் எடுத்த இந்தப் படத்தின் தொடக்கம் அப்படித்தான் இருக்கும். ஒரு காட்சியைக் கண் பிடிப்பதற்குள் அடுத்தது வந்து மோதும். 1899-ஆம் ஆண்டுப் பாரிஸில் நடக்கும் கதைக்குள் நம் காலத்துப் பாடகி மடோனாவின் பாட்டும் நிர்வானா ராக் குழுவின் பாட்டும் கேட்கும். யானை வடிவ அறையில் நாயகன் பாடகர் எல்டன் ஜானின் பாட்டை எடுக்கிற வரைக்கும் அவரைப் பொறுக்கச் சொல்லுங்கள். அங்கேதான் படம் நிதானமாகிறது. அதுவும் பிடிக்கவில்லையா, சரி, விட்டுவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த படம் இது. நாயகி இறந்துவிட்டாள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். இருந்தும் அவள் பிழைத்துவிட மாட்டாளா என்று கடைசிவரை மனம் அடித்துக்கொள்கிறது. நிக்கோல் கிட்மனும் யூவன் மெக்ரெகரும் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார்கள். ‘சைனா கேட்’ இந்திப் படத்தின் ‘சம்மா சம்மா’வும் ஓரிடத்தில் வருகிறது! அரங்க அமைப்புக்கும் உடைகளுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இதற்கு பிஜி-13 சான்றிதழ். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றால் பெற்றோர் யோசித்து முடிவெடுக்கட்டும் என்று பொருள். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். அரைகுறை உடைகளும் இரட்டை அர்த்தப் பேச்சும் உண்டு; அதற்காகத் தடுக்க வேண்டியதில்லை. பணக்கார டியூக் (பிரபு) நாயகியைப் பலவந்தப்படுத்த முயலும் காட்சி கடுமையானது. அது வருமென்று முன்பே சொல்லிவையுங்கள். காசநோயில் அவள் இரத்தம் கக்குவதையும் சொல்லிவிடுங்கள்.

என்னை உறுத்துவது வேறொரு காட்சி. அந்த டியூக் தன் காதலனைக் கொன்றுவிடுவானோ என்ற பயத்தில் நாயகி பொய் சொல்லி அவனை விலக்குகிறாள். அவனோ நிறைந்த அரங்கில், மேடையிலேயே, அவள்மீது பணத்தை வீசி எறிகிறான். அப்புறம், அவமானப்பட்ட அவளே முதலில் பாடி அவனைத் திரும்ப அழைக்கிறாள். இசை அவ்வளவு உருக்கமாக இருப்பதால் அவன் செய்த கொடுமை நமக்கு மறந்தே போகிறது. பதினான்கு வயதில், இவ்வளவு ஆத்திரப்பட்டால்தான் உண்மையான காதல் என்று தோன்றிவிடும். எனக்கும் அந்த வயதில் தோன்றியிருக்கும்.

முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். பிறகு அவளோடு உட்காருங்கள். பாதியில் நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள், அழுதால் அழட்டும். மறுநாள் சாதாரணமாகக் கேளுங்கள்: “உன்மேல் ஒருவன் அப்படிப் பணத்தை எறிந்தால் நீ பாடுவாயா?” தங்கையும் கூட இருந்தால் நல்லது. அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.