வாசகர் கேள்வி – பதில்: வைத்த சோறு அப்படியே இருக்க, நாய் ஏன் கண்டதைத் தின்கிறது?

நாலு பேர் நடுவில் கேட்கக் கூசும் கேள்விகளே இந்த முறை அதிகம் வந்திருக்கின்றன. முகத்தைச் சுளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறோம். சாப்பிடும் நேரத்தில் மட்டும் படிக்க வேண்டாம்.

எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்கு ஐந்து மாதம். தன் மலத்தைத் தானே தின்கிறது. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தோம், மிளகாய்த்தூள் தூவினோம், மாத்திரை வாங்கிப் போட்டோம். நிற்கவில்லை. அந்த வாயோடு பிள்ளைகளை நக்க வருகிறது. – வாசகி, பாலக்கோடு

மூக்கைத் தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். அதிலிருந்து குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: தரையில் அது கிடந்தால் அடி விழும். ஆகவே நீங்கள் வந்து சேர்வதற்குள் தின்று தீர்த்துவிடும். கத்திக்கொண்டு ஓடினாலும் இதே கதைதான். தன்னிடமிருந்து எதையோ பறிக்க வருகிறார்கள் என்று அவசரமாக விழுங்கும்.

குட்டிகள் பிறந்த முதல் மூன்று வாரம் தாய்நாயே அவற்றின் கழிவை நக்கித் தின்று படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். வளர்ந்த நாய்களிடமும் இது அபூர்வம் அல்ல. அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 16 சதவீத நாய்களுக்கு இந்தப் பழக்கம் அடிக்கடி இருந்தது. பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட கழிவையே அவை தின்றன. புழு முட்டைகள் தொற்றும் நிலைக்கு முதிர்வதற்குள் இருப்பிடத்தைச் சுத்தம் செய்த மூதாதையரின் வழக்கம் இது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. இன்னொன்றையும் சொன்னார்கள்: இதற்கென்று விற்கும் பொடி, மாத்திரைகள் 100 நாய்களுக்குக் கொடுத்தால் இரண்டுக்கு மேல் பலன் தரவில்லை. உங்கள் மாத்திரைக் காசு போனது போனதுதான். மிளகாய்த்தூள் கண்ணையும் மூக்கையும் எரிக்கும், பழக்கத்தை மாற்றாது.

ஐந்து மாதக் குட்டியில் முதலில் பார்க்க வேண்டியது பசி. ஒரு கிலோ எடைக்குக் கணக்கிட்டால் பெரிய நாயைவிட ஏறத்தாழ இருமடங்கு உணவு அதற்கு வேண்டும், அதுவும் நாளுக்கு மூன்று வேளையாக. நாம் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தை ஒரு வேளை கொட்டும் வீடுகளில் இந்தப் பழக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அடுத்தது புழு. பிறந்த இரண்டாவது வாரம் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அன்று காலை போன மலத்தில் ஒரு சுண்டைக்காய் அளவு மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். மூன்றாவது, நாள் முழுக்கக் கூண்டில் அடைத்து வைப்பது. செய்ய வேலை எதுவும் இல்லாத இடத்தில் கண்ணெதிரே கிடப்பது அது ஒன்றுதான்.

இனி செய்ய வேண்டியது. மூன்று வேளையும் நேரம் தவறாமல் வையுங்கள். சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள் குட்டிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். அப்போது கழுத்தில் கயிறு கட்டி நீங்களே கூட்டிப் போங்கள். போய் முடித்த நொடியில், அது திரும்பி மோப்பம் பிடிப்பதற்கு முன், பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரல் நுனி அளவு வேகவைத்த கோழித் துண்டை வாயில் கொடுங்கள். துண்டு உங்கள் மடியில் தயாராக இருக்க வேண்டும். வீட்டுக்குள் போய் எடுத்து வந்தால் காரியம் கெட்டது. பிறகு குட்டியைப் பின்னால் விட்டு நீங்கள் போய் அள்ளிவிடுங்கள். இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் திரும்பும் என்பதால், ஒரு மாதம் வீட்டில் ஒருவரே பொறுப்பேற்பது நல்லது. பெரும்பாலான குட்டிகள் வளர வளரத் தாமாகவும் விட்டுவிடும். அதுவரை முகத்தை நக்க விடாதீர்கள். பிள்ளைகள் குட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

இதுவே வளர்ந்த நாய் திடீரென்று ஆரம்பித்தால் விஷயம் வேறு. தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஓடினால் பசி தாறுமாறாகும். சர்க்கரை நோயிலும் அப்படித்தான். ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் அளவில்லாமல் தின்றும் இளைத்துக்கொண்டே போய், மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு குவியல் குவியலாகப் போனால் கணையம் சீரணநீர் சுரக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். சீரணமாகாத உணவு அதில் அப்படியே இருப்பதால் நாய்க்கு அது இன்னொரு வேளைச் சாப்பாடு. ரத்தப் பரிசோதனையில் தெரியும். உணவோடு நொதிப்பொடி கலந்து கொடுத்தால் தேறும்.

15 கிலோ நாட்டு நாய். நாங்கள் சாப்பிடும் ராகிக் களியும் குழம்பும்தான் அதற்கும். இது போதுமா, கடையில் விற்கும் நாய்த் தீனிதான் போட வேண்டுமா? – வாசகர், காவேரிப்பட்டணம்

களி இருக்கட்டும், குழம்பை நிறுத்துங்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013இல் கண்டறிந்தார்கள். மனிதனோடு சேர்ந்து தானியம் தின்று பழகிய பிராணி அது. ஆகவே நன்றாக வெந்த ராகி அதற்கு ஆகாத உணவு அல்ல. குறை என்னவென்றால் ராகியில் புரதம் 100 கிராமுக்கு 7 கிராம் அளவுதான். களி உருண்டையால் வயிறு நிறையும், ஆனால் உடம்புக்கு வேண்டியது கிடைக்காது. அப்புறம் அது குப்பைமேட்டைக் கிளறாமல் என்ன செய்யும்?

குழம்பில் சிக்கல் இரண்டு. ஒன்று வெங்காயம், பூண்டு. பச்சையோ வெந்ததோ, நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் 0.5 சதவீதம், அதாவது உங்கள் நாய்க்கு 75 கிராம் – ஒரு நடுத்தரப் பெரிய வெங்காயம் – ஆபத்தான அளவு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் கெடுதல்தான். இரண்டாவது, தருமபுரிப் பக்கத்தில் யாரும் எதிர்பார்க்காதது: புளி. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதன் காரணம் நெடுநாள் புரியாமல் இருந்தது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்பது இப்போதைய கருத்து. புளியிலும் அதே அமிலம். புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரிச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2022இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கவளம் ரசச் சோற்றுக்காக அலற வேண்டியதில்லை. ஆனால் தினமும் புளிக்குழம்பு வேண்டாம். மாசி, பங்குனியில் புளி தட்டும் இடத்தில் நாயைக் கட்டிப்போடவும் வேண்டாம்.

15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கிலோகலோரி போதும். இப்படிச் சமைக்கலாம்: ராகி மாவு 120 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, உப்பில்லாமல் 15 முதல் 20 நிமிடம் கிண்டிக் கெட்டிக் கூழாக்குங்கள். எலும்பு நீக்கிய கோழி 250 கிராம், பூசணி அல்லது கேரட் ஒரு கைப்பிடி, இரண்டையும் வேகவைத்து அந்தத் தண்ணீரோடு கூழில் சேருங்கள். அவித்த முட்டை ஒன்று, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கழுவி, கொதிக்க வைத்து, காயவைத்த முட்டை ஓட்டை மிக்ஸியில் மாவாக அரைத்து அதில் அரைத் தேக்கரண்டி. இந்த ஓட்டுப்பொடியை விட்டுவிடாதீர்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. ராகியில் அது இருந்தாலும் முழுதாக உடம்பில் ஒட்டாது. வாரம் இரண்டு நாள் கோழியில் 40 கிராமைக் குறைத்து ஈரல் போடலாம். அதற்கு மேல் போனால் வைட்டமின் ஏ அளவு மீறும். ஒகேனக்கல் மீன் கிடைத்தால் வேகவைத்து முள் எடுத்துக் கோழிக்குப் பதிலாகக் கொடுங்கள். ஆறியபின் இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும். களியாக உருட்டிப் போட்டால் மெல்லாமல் விழுங்கும்; உள்ளே சூடு இருந்தால் தொண்டை வெந்துவிடும். அதனால்தான் கூழ்.

இதையே வருடக்கணக்கில் போட்டால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ குறையும். நாய்களுக்கான தாதுக்கலவையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கு வாங்கிய கலவையில் ஒரு கரண்டி அள்ளிப் போடுவது வேண்டாம். குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் மேலே சொன்ன அளவு பொருந்தாது. குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் தீனியே அவற்றுக்குப் பாதுகாப்பு.

கடைத் தீனி மட்டும் என்றால் உலர் தீனி 225 முதல் 260 கிராம் வரை. பாதித் தீனி, பாதி வீட்டுச் சமையல் என்று பிரித்தாலும் தவறில்லை, இரண்டையும் முழுசாகப் போடுவதுதான் தவறு. எதை மாற்றினாலும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கால் பங்கு கால் பங்காக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும். அளவு சரியா என்பதை விலாவைத் தடவிப் பாருங்கள். புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படி இருந்தால் சரி. மடக்கிய விரல் முட்டிபோல் துருத்தினால் கூட்டுங்கள், உள்ளங்கைச் சதைபோல் இருந்தால் குறையுங்கள்.

ஆடு அறுத்தால் குடல், நுரையீரலைப் பட்டி நாய்க்கு அப்படியே போடுவது எங்கள் வழக்கம். நுரையீரலில் சில சமயம் நீர் நிறைந்த பைகள் இருக்கின்றன. பரவாயில்லையா? – வாசகர், தேன்கனிக்கோட்டை

இந்த இதழின் கேள்விகளில் மனிதருக்கே ஆபத்தானது இது. அந்த நீர்ப்பைக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் தின்றால் அதன் குடலில் அரை அங்குலம்கூட இல்லாத புழுவாக வளர்ந்து, ஆறேழு வாரத்தில் முட்டை விடத் தொடங்கும். நாயின் மலத்தில் வெளியேறும் முட்டை ரோமத்திலும் புல்லிலும் ஒட்டும். அந்தப் புல்லை மேயும் ஆட்டுக்கும், நாயைத் தடவிய கையால் சாப்பிடும் மனிதருக்கும் ஈரலில், நுரையீரலில் அதே நீர்க்கட்டி வரும். நாய் மட்டும் கொழுகொழுவென்று நன்றாகவே இருக்கும். அதுதான் சங்கடம்.

நீர்ப்பை உள்ள உறுப்பை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள், அல்லது எரியுங்கள். மற்றதைச் சிறு துண்டாக்கி, கொதி வந்த பிறகு 30 முதல் 40 நிமிடம் வேகவைத்துப் போடுங்கள். ‘பூச்சி மருந்து கொடுத்துவிட்டோம்’ என்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிராசிகுவான்டெல் என்ற பெயர் அதில் இல்லாவிட்டால் இந்தப் புழு சாகாது. 10 கிலோ எடைக்கு 50 மில்லிகிராம், பச்சைக் குடல் தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை. நாயை எடை போட்டு மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

மாம்பழக் கொட்டையை நாய் முழுதாக விழுங்கிவிட்டது. வெளியே வந்துவிடுமா? – வாசகி, கிருஷ்ணகிரி

சின்ன நாய், நடுத்தர நாய்களில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையில் பல நாள் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு குடலுக்குள் இறங்கி அடைக்கவும் செய்யும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உப்பே நஞ்சாகும், கொட்டை திரும்பி வரும்போது உணவுக்குழாயில் சிக்கும். விழுங்கியது தெரிந்த அன்றே ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்குக் கூட்டிப் போங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, குடித்த தண்ணீரும் தங்காமை, மலம் நின்றுபோவது, தொட்டால் வயிற்றை இறுக்கிக்கொள்வது – இவை வந்துவிட்டால் இரவென்றும் பகலென்றும் பார்க்காதீர்கள், அறுவை சிகிச்சைதான். சீசன் முடியும் வரை கொட்டையை மூடியுள்ள வாளியில் போடுங்கள். சதைப்பற்று இரண்டு மூன்று துண்டு கொடுப்பதில் தவறில்லை.

புல்லைத் தின்று வாந்தி எடுக்கிறது. எடுத்ததைத் திரும்பத் தின்கிறது. – வாசகர், ஓசூர்

புல் தின்பது நோயல்ல. தின்னும் நாய்களில் வாந்தி எடுப்பவை கால் பங்குக்கும் குறைவு. வாந்தியைத் தின்பதும் இயல்பே. ஓநாய்கள் குட்டிகளுக்கு ஊட்டுவதே கக்கித்தான். வாரம் ஒரு முறைக்கு மேல் வாந்தி என்றால் மட்டும் காட்டுங்கள். பூந்தோட்டம், தக்காளித் தோட்டம் பக்கம் மருந்து அடித்த புல்தான் பயப்பட வேண்டியது. வாயில் எச்சில் ஒழுகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உடம்பு நடுங்கினால் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் சரியான முறிவு மருந்தைத் தாமதமில்லாமல் போட முடியும்.

தொழுவத்தில் சாணியை நக்குகிறது. – வாசகி, அரூர்

சாணியால் பெரிய கெடுதல் இல்லை. மாட்டுக்குப் புழு, உண்ணிக்கான ஐவர்மெக்டின் மருந்து போட்டிருந்தால் மட்டும் சில வாரம் நாயைத் தொழுவத்தில் விடாதீர்கள். அந்த மருந்தின் பெரும்பகுதி சாணத்தில்தான் வெளியேறும். கோலி வகை நாய்களுக்கு அது மூளைவரை போய்த் தாக்கும்.

ஒரு மாதமாக மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்கிறது. சத்துக் குறைவா? – வாசகர், பென்னாகரம்

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் ரத்தசோகை. சுண்ணாம்பு மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். கொக்கிப்புழுவா, உண்ணிக் காய்ச்சலா என்று மலமும் ரத்தமும் பார்க்க வேண்டும். காது மடலின் உட்புறம், விரல் இடுக்கு இரண்டிலும் உண்ணி தேடுங்கள்.

ஒரு மாதமாக என்கிறீர்கள், அதனால் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் தடுப்பூசி போடாத நாய் ஓரிரு நாளில் குணம் மாறி, கல், குச்சி என்று கண்டதைக் கடித்து, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் திணறினால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கை விடவே கூடாது. வெறிநோயும் அப்படித்தான் தொடங்கும். தனியே அடைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். எச்சில் பட்ட காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசியைத் தொடங்குங்கள்.