ஓடு போய் மாடி வந்த பள்ளி

கேள்வி: நான் 1976-இல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அண்மையில் சென்றிருந்தேன். ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் மாடி நிற்கிறது. பெயர்ப்பலகையில் 'மேல்நிலைப் பள்ளி' என்றிருக்கிறது. என் பள்ளி எப்போது இப்படி மாறியது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: கட்டடத்தைவிடப் பெரிய மாற்றம் அந்தப் பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது. கல்லூரிகளில் ஓராண்டுப் படிப்பாக இருந்த புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு, பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி 1978-இல் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, அதுவரை கல்லூரிக்கு உரியவையாக இருந்த பாடங்களும் ஆய்வகங்களும் பள்ளி வளாகத்துக்குள் வந்தன. பிளஸ் டூ பொதுத்தேர்வை முதல் அணியினர் 1980-இல் எழுதினர். உங்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. எல்லாப் பள்ளிகளும் ஒரே ஆண்டில் தரம் உயரவில்லை. அரசு படிப்படியாகவே உயர்த்தியது. ஆகவே உங்கள் பள்ளிக்குரிய ஆண்டைத் தலைமையாசிரியர் அலுவலகத்தில்தான் கேட்டறிய வேண்டும்.

பாடநூலையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2010-இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கிய சமச்சீர் கல்வி, மெட்ரிகுலேஷன் மாணவருக்கும் அரசுப் பள்ளி மாணவருக்கும் ஒரே பாடத்திட்டத்தைத் தந்தது. மாடிக் கட்டடத்தைக் காட்டிலும் இதையே நான் மதிக்கிறேன். ஓட்டுக் கூரையின் குளுமை போனது மட்டும் இழப்புத்தான்.