எல்லாரும் 5க்கு 5 போட்டிருக்காங்க, அப்போ எங்க கிளாஸால பலன் இருக்குன்னு சொல்லலாமா?

கேள்வி: நாங்க ஒரு சின்ன தன்னார்வக் குழு. வயசானவங்க, அதிகம் படிக்காதவங்க இவங்களுக்கு செல்போன சரியா பயன்படுத்த சாயங்கால கிளாஸ் எடுக்கிறோம். பணம் அனுப்புறது, ஆன்லைன்ல ஃபார்ம் நிரப்புறது, மோசடி மெசேஜ கண்டுபிடிக்கிறது இதெல்லாம் சொல்லிக்குடுப்போம். மூணு மாசத்துல 60 பேர் சேர்ந்தாங்க. இப்போ நிதி குடுத்தவங்க இம்பேக்ட் ரிப்போர்ட், அதாவது கிளாஸால என்ன பலன்னு காட்டுற அறிக்கை, கேக்குறாங்க. எங்க கையில அட்டெண்டன்ஸ் நோட்டும் ஃபீட்பேக் ஃபார்மும்தான் இருக்கு, ஃபீட்பேக்ல எல்லாருமே 5க்கு 5. இது போதுமா, இனிமே என்ன பண்ணணும்?

பதில்: போதாதுங்க. அட்டெண்டன்ஸ் நோட்டு எத்தன பேர் வந்தாங்கன்னு சொல்லும், ஃபீட்பேக் ஃபார்ம் வந்தவங்களுக்குப் பிடிச்சுதான்னு சொல்லும், அதுக்கு மேல ரெண்டும் எதுவும் சொல்லாது. மூணு மாசம் பக்கத்துல ஒக்காந்து பொறுமையா சொல்லிக்குடுத்தவங்க கையிலயே ஃபார்ம திருப்பிக் குடுக்கும்போது யாருக்கு 3 போட மனசு வரும் சொல்லுங்க. அந்த 5 உங்க மேல இருக்கிற பிரியத்துக்கு விழுந்த மார்க். அது பெரிய விஷயம்தான், ஆனா கத்துக்கிட்டாங்கங்கிறதுக்கு அது அத்தாட்சி ஆகாது.

டொனால்டு கிர்க்பேட்ரிக்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1959லயே பயிற்சிகள எடைபோட நாலு படி சொன்னார். வந்தவங்களுக்குப் பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, கத்துக்கிட்டத கிளாஸுக்கு வெளிய செய்றாங்களா, செஞ்சதால ஏதாவது மாறுச்சா. நீங்க இப்போ நிக்கிறது முதல் படியில. பெரும்பாலான குழுங்க அங்கேயேதான் நிக்கிறாங்க, ஏன்னா முதல் படிக்கு ஒரு பேப்பர் போதும், மத்ததுக்கெல்லாம் மெனக்கெடணும்.

முதல் படியிலயே நின்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு உதாரணம் எப்பவும் சொல்லுவேன். அமெரிக்காவுல 1970கள்ல "ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்"னு ஒரு திட்டம் பரவுச்சு, தப்பு வழியில போற பசங்கள ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போய் ஆயுள் கைதிங்கள விட்டு மிரட்டி புத்தி சொல்ல வைக்கிறது. பாத்தவங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது, அங்கங்க காப்பியடிச்சாங்க. அப்புறம் குலுக்கல் மாதிரி சில பசங்கள அனுப்பி சில பசங்கள அனுப்பாம ஒப்பிட்டுப் பாத்த ஆய்வுகளையெல்லாம் சேத்து வச்சுப் பாத்தா, ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த பசங்கதான் பின்னால அதிகமா குற்றம் பண்ணியிருந்தாங்க. ஒண்ணும் பண்ணாம விட்டிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். நல்ல மனசோட செஞ்சதுதான், பாராட்டும் கிடைச்சுது, ஆனா கெடுதல் நடந்துட்டு இருந்தது யாருக்கும் தெரியல.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். "தெரியுமா"ன்னு கேக்காதீங்க, செஞ்சு காட்டச் சொல்லுங்க. போன்ல ஒரு மாதிரி ஃபார்ம திறந்து குடுத்து நிரப்பச் சொல்லி, யார் உதவியும் இல்லாம முடிச்சாங்களா, எங்க தடுமாறுனாங்கன்னு குறிச்சு வைங்க. பாடம் எடுத்தவரே டெஸ்ட்டும் வைக்கக் கூடாது, அவர் முகத்தப் பாத்தே விடைய கண்டுபிடிச்சிருவாங்க, அவரும் தெரியாமலே ஒரு சின்ன "ம்ம்" சொல்லிருவாரு. ரெண்டு குழு இருந்தா டீச்சர மாத்தி உக்கார வைங்க.

இப்படி ஒரு டெஸ்ட்ல நான் பாத்தத சொல்றேன். மோசடி மெசேஜ் பத்தி கிளாஸ் முடிச்ச ஒரு வயசான அம்மாகிட்ட பத்து மெசேஜ் அச்சடிச்ச அட்டைங்கள குடுத்து, எது உண்மை எது ஏமாத்துனு பிரிச்சு வைக்கச் சொன்னோம். அஞ்சு உண்மை, அஞ்சு பொய். அவங்க ஒவ்வொரு அட்டையா எடுத்து, கண்ணாடிய ஏத்திவிட்டு, வரி வரியா விரல் வச்சுப் படிச்சுட்டு பத்தையும் "ஏமாத்து" பக்கம் அடுக்கினாங்க. டாக்டர பாக்க வேண்டிய தேதிய ஞாபகப்படுத்துற ஆஸ்பத்திரி மெசேஜும் அதுல ஒண்ணு. ஏம்மா இதுன்னு கேட்டா, "எதையும் நம்பாதீங்கன்னு தானே சொல்லிக்குடுத்தீங்க"ன்னாங்க. பொய் மெசேஜ மட்டும் எண்ணியிருந்தா அவங்களுக்கு 5க்கு 5, நாங்களும் ரிப்போர்ட்ல சந்தோஷமா எழுதியிருப்போம். நாங்க கத்துக்குடுத்தது பயத்த, பிரிச்சுப் பாக்கிறத இல்லன்னு அந்த ஆஸ்பத்திரி அட்டை காட்டுச்சு, அதுக்கப்புறம் பாடத்தையே மாத்தி எழுதினோம். அதனால உங்க டெஸ்ட்லயும் உண்மை மெசேஜ கலந்து வைங்க, ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் போடுங்க.

அடுத்து ரொம்ப பேர் சறுக்குற இடம், பாதியில நின்னவங்க. கணக்கு போட்டுப் பாத்தா புரியும், நம்பர் சும்மா உதாரணத்துக்கு. சேரும்போது 60 பேருக்கும் 20 மார்க்குக்கு டெஸ்ட் வச்சீங்க, சராசரி 8. கடைசில 25 பேர்தான் மிஞ்சுனாங்க, அவங்க சராசரி 14. உடனே 6 மார்க் ஏறிடுச்சுன்னு எழுதத் தோணும். ஆனா அந்த 25 பேர் மட்டும் முதல் டெஸ்ட்ல எவ்ளோ எடுத்தாங்கன்னு தேடிப் பாத்தா 11னு வருது, அதாவது ஏற்கனவே ஓரளவு தெரிஞ்சவங்கதான் தாக்குப்பிடிச்சிருக்காங்க, தெரியாதவங்க கழண்டுட்டாங்க. அப்போ ஏறினது 3தான். ஒரே ஆளோட முன் மார்க்கையும் பின் மார்க்கையும்தான் ஒப்பிடணும்ங்கிறது இதனாலதான், அதுக்கு சேரும்போதே ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுத்து வச்சிரணும்.

அந்த 3 கூட முழுசா உங்களோடது இல்ல. அந்த மூணு மாசத்துல வீட்டுல பேரப்பிள்ளைங்க சொல்லிக் குடுத்திருப்பாங்க, பேங்க்ல இருந்து எச்சரிக்கை வந்திருக்கும், அதே டெஸ்ட்ட ரெண்டாவது தடவ எழுதுறதே கொஞ்சம் சுலபம். கிளாஸே இல்லாம இருந்திருந்தா எவ்ளோ ஏறியிருக்கும்? மொத்த மதிப்பீடும் இந்த ஒரு கேள்வியிலதான் நிக்குது. இதுக்கு சுலபமான வழி வெயிட்டிங் லிஸ்ட். இடத்துக்கு மேல ஆள் வந்தா, முதல்ல வந்தவங்களுக்கு முதல் இடம்னு குடுக்காதீங்க, அப்படிக் குடுத்தா ஆர்வம் அதிகமானவங்களே முதல் பேட்ச்ல நிறைஞ்சுருவாங்க. எல்லார் முன்னாடியும் சீட்டு குலுக்கிப் போடுங்க, அது நியாயமும் கூட. ரெண்டாவது பேட்சுக்குக் காத்திருக்கிறவங்களுக்கும் ரெண்டு டெஸ்ட்டும் வைங்க. அவங்க 10ல இருந்து 11 ஆனா, கிளாஸ் இல்லாமலே 1 ஏறியிருக்கு, அப்போ அந்த 3ல உங்க கிளாஸ் சேத்தது சுமாரா 2. ஆறுன்னு ஆரம்பிச்சு ரெண்டுல வந்து நிக்குதேன்னு வருத்தமா இருக்கும், ஆனா கேள்வி கேட்டா தாங்குற நம்பர் அந்த ரெண்டுதான். ஆள் கம்மியா இருக்கிறதால அதையும் திட்டவட்டமா சொல்லாம, "சுமார்"ங்கிற வார்த்தையோடயே எழுதுங்க, தசமப் புள்ளி வச்சு சதவீதம் எல்லாம் வேண்டாம்.

சராசரிய மட்டும் பாத்துட்டு விட்டுறாதீங்கன்னும் சொல்லணும். 2019ல பொருளாதார நோபல் வாங்குன மூணு பேர்ல ஒருத்தரான மைக்கேல் கிரெமர், இன்னும் ரெண்டு பேரோட சேந்து கென்யா பள்ளிக்கூடங்கள்ல இலவசப் பாடப்புத்தகம் குடுத்தா என்ன ஆகுதுன்னு குலுக்கல் முறையில பாத்தார். சராசரி மார்க் ஏறவே இல்ல, ஏற்கனவே நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும் ஏறியிருந்துச்சு. புத்தகம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, அது நிறைய பிள்ளைங்களுக்கு மூணாவது மொழி. அடுத்த பேட்ச்ல வர்றவங்கள ஆரம்ப மார்க்க வச்சு மூணு குழுவா பிரிச்சுப் பாருங்க, கீழ இருக்கிறவங்க நகரலன்னா பாடம் அவங்களுக்கு எட்டலன்னு அர்த்தம்.

இந்த பேட்சுக்கு ஆரம்ப டெஸ்ட் வைக்கலையே, அத என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ஒரு வழி இருக்கு. "கிளாஸுக்கு வர்றதுக்கு முன்னாடி இத நீங்க தனியா செய்வீங்களா, இப்போ செய்வீங்களா"ன்னு ரெண்டையும் இப்போ ஒண்ணா கேளுங்க. விசித்திரமா தெரியும், ஆனா இதுல ஒரு நியாயம் இருக்கு: விஷயமே தெரியாதப்போ நமக்கு எவ்ளோ தெரியாதுன்னும் தெரியாது, அதனால முன்னாடியே கேட்டிருந்தா நிறைய பேர் "நல்லாத் தெரியும்"னு சொல்லியிருப்பாங்க, கிளாஸ் முடிஞ்சப்புறம்தான் நிஜமான அளவுகோல் கையில வரும். இது 1970கள்லயே ஆராய்ச்சியாளர்கள் கவனிச்ச விஷயம். ஆனாலும் இது அவங்க வாயால சொல்றதுதான், செஞ்சு காட்டினதுக்கு சமம் ஆகாதுன்னு ரிப்போர்ட்ல எழுதிருங்க.

கத்துக்கிட்டத வெளிய செய்றாங்களான்னு பாக்குற அந்த மூணாவது படிக்கு, கிளாஸ் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு ஒரு போன். "உபயோகமா இருக்கா"ன்னு கேட்டா "ஆமா"ன்னுதான் வரும். "கடைசியா பணம் அனுப்புனது என்னைக்கு, யார் அழுத்துனது, நீங்களா உங்க பையனா"ன்னு கேளுங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பின் நம்பர், அக்கவுண்ட் விவரம், போன் ஸ்கிரீன் படம் எதையும் வாங்கக் கூடாது, ஆதாரத்துக்குன்னு கூட வேண்டாம். நாமளே அத கேட்டா நாம நடத்துன பாடத்துக்கு அர்த்தமே இல்ல.

இப்போதைக்கு ரிப்போர்ட்ல எத்தன பேர் சேந்தாங்க, எத்தன பேர் முடிச்சாங்கன்னு ரெண்டையும் மறைக்காம எழுதுங்க, முடிச்சவங்களுக்கு இந்த வாரமே அந்த செஞ்சு காட்டுற டெஸ்ட் வச்சு வர்றத அப்படியே போடுங்க, அடுத்த பேட்சுல ஆரம்ப டெஸ்ட்டும் குலுக்கலும் வைக்கப் போறோம்னு சொல்லி அதுக்கான செலவையும் கேளுங்க. அதோட அட்டெண்டன்ஸ் நோட்ட எடுத்து, நடுவுல வராம போனவங்க பேர் எல்லாம் ஒரு தாள்ல எழுதி ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. நேரம் ஒத்து வரலையா, எழுத்து சின்னதா இருந்துச்சா, மத்தவங்க முன்னாடி தப்பு பண்ண கூச்சமா இருந்துச்சான்னு அவங்களுக்குத்தான் தெரியும், 5க்கு 5 போட்டவங்க யாரும் உங்களுக்கு இத சொல்ல மாட்டாங்க.